இடைவந்தானை அளந்தவன்

நான் கட்டியதையும் வெட்டியதையும் முதலில் சொல்லிவிடுகிறேன். செக்கானூரணி வட்டாரத்தில் பதினேழு கிணறுகள். நாகமலைக்கு மேற்கே ஒரு மொட்டைப் பாறையின் வயிற்றுக்குள் நாற்பதடி நீளக் குகை. அந்தக் குகைக்கு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கதவுகள். ஆனையூரில் மாடி வைத்த ஒரு வீடு, அந்த வீட்டிலிருந்து என் பிள்ளைகளாக ஒரு வாத்தியாரம்மா, ஓர் இன்ஜினியர். இதெல்லாம் கண்ணால் பார்க்கக்கூடியவை. பார்க்க முடியாத ஒன்றும் உண்டு. நம் காலுக்குக் கீழே இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு தளம். அதை நான் கட்டவில்லை. ஆனால் அது அங்கே இருப்பதை மதுரைச் சீமையில் முதலில் கண்டவன் நான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத கூலி வீட்டில் பிறந்தவன்.

போன மாதம் நில அதிர்ச்சி நிலையத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பழைய புகைப்படத்தாள் பதிவுகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்துவிட்டார்களாம். அதற்காக ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். பழைய ஆள் என்ற முறையில் இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். இரண்டு பக்கத்தில் அடங்குகிற ஆளா நான்? அடங்கிய மட்டும் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நில அதிர்ச்சியை அளக்க ஒரு நிலையம் வைக்கப் போவதாகச் சொல்லி, அந்தப் பாறையைக் குடைய ஆள் தேடினார்கள். வேட்டு வைத்தால் பாறைக்குள் விரிசல் விழும், கருவி கெட்டுப்போகும், உளியாலும் கடப்பாரையாலும்தான் குடைய வேண்டும் என்று நிபந்தனை. வந்த காண்டிராக்டர்கள் எல்லோரும் ஆரப்பாளையம் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிப் போய்விட்டார்கள். நான் எட்டு ஆட்களை வைத்துக்கொண்டு பதினான்கு மாதத்தில் குடைந்து கொடுத்தேன். கருவிகள் வந்து இறங்கின. காவலுக்கு வைத்த ஆள் பத்தே நாளில் வேலையை விட்டு ஓடினான். ஏன் என்று கேட்டதற்கு, உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னான். குடைந்தவனுக்கு என்ன பயம்? அந்த வேலையில் நான் சேர்ந்தேன்.

முதலில் இருந்த அதிகாரி மூன்று மாதத்தில் எனக்கு எல்லாவற்றையும் காட்டிவிட்டார். சிவப்பு விளக்கில் தாளைக் கழுவுவது, ரேடியோவில் வருகிற நேர ஒலியைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிபார்ப்பது, பதிவேட்டில் எழுத வேண்டிய இங்கிலீஷ் எழுத்துகள். அதற்குப் பிறகு அவர் குகைக்குள் வரவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களும் வரவில்லை. மூச்சு முட்டுகிறது என்பார்கள்.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் கதவைச் சாத்தினால் ரோட்டுச் சத்தம் போய்விடும். இரண்டாவதைச் சாத்தினால் காற்றுச் சத்தம் போய்விடும். அங்கேதான் பதிவு அறை. மூன்றாவது கதவுக்கு அப்பால் கருவி அறை. அங்கே நின்றால் காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்கும். அது நம்முடைய ரத்தம் ஓடுகிற சத்தம். சித்திரை வெயிலானாலும் மார்கழிப் பனியானாலும் உள்ளே ஒரே சூடு, ஒரு ஆளின் உடம்புச் சூடு மாதிரி. சுருள்வில்லில் ஒரு எடைக்குண்டு தொங்கும். பூமி அசையும்போது குண்டு அசையாமல் நிற்கும். அந்த வித்தியாசம் கம்பி வழியாகப் பதிவு அறைக்கு வந்து ஒரு சின்னக் கண்ணாடியைத் திருப்பும். கண்ணாடியில் பட்ட வெளிச்சம், சுழலும் உருளையில் சுற்றிய புகைப்படத்தாளில் ஒரு புள்ளியாக விழும். இருபத்துநான்கு மணி நேரம் அந்தப் புள்ளி கோடு போட்டுக்கொண்டே இருக்கும்.

காலை எட்டரைக்குத் தாள் மாற்ற வேண்டும். செருப்பை வெளியே விட்டு, வெறுங்காலோடு போவேன். முதல் சில மாதங்கள் அந்தப் புள்ளியைப் பார்க்கவே மனசு கூசும். பாறை அசையவில்லை, காற்று இல்லை, நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன். ஆனால் புள்ளி ஆறு வினாடிக்கு ஒருமுறை மெதுவாக ஏறி இறங்குகிறது, தூங்குகிற ஆளின் நெஞ்சு மாதிரி. வங்கக் கடலின் அலை கரையில் மோதுவதால் வருகிற நடுக்கம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். கடல் எங்கே, மதுரை எங்கே? புயல் வருவதற்கு ஒரு நாள் முன்னால் அந்த மூச்சு பெருக்கும். ரேடியோ சொல்வதற்கு முன்பே நான் வீட்டில் சொல்வேன்.

இனி அலைகளைப் பற்றி. எங்கோ ஒரு தேசத்தில் பூமி குலுங்கினால் அதிலிருந்து அலைகள் பூமிக்குள் புகுந்து வளைந்து நம் காலடிக்கு வரும். முந்தி வருவது ஒன்று. பின்னால் வருவது பக்கவாட்டில் குலுக்குகிற அலை. அதற்கும் பின்னால் வேறொன்று வரும். அது நேராகக் கீழே போய், பூமியின் நடுவில் இருக்கிற இரும்புக் கோளத்தில் முட்டித் திரும்பி வருகிற அலை. இவற்றுக்கு ஆபீசில் இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன. நான் என் வசதிக்கு முந்தி, குலுக்கி, அடிதொட்டான் என்று பெயர் வைத்துக்கொண்டேன். எந்த அலை எத்தனை நிமிடத்தில் வரும் என்று ஒரு அச்சடித்த அட்டவணை உண்டு. படித்தவர்கள் தாளைப் பார்ப்பதற்கு முன் அட்டவணையைப் பார்ப்பார்கள். அதில் இருப்பதைத் தாளில் தேடி அளந்து எழுதிவிட்டு மூடிவிடுவார்கள். எனக்கு அட்டவணை ஓடாது. அதனால் தாளில் கண்ணுக்குப் பட்டதையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்து அளந்து, தனியாக ஒரு நோட்டில் எழுதினேன்.

அப்படித்தான் அவன் அகப்பட்டான். கிழக்கே பப்புவா பக்கத்துத் தீவுகளில் பூமி அதிர்ந்தால், குலுக்கிக்கும் அடிதொட்டானுக்கும் நடுவில், அரை நிமிடம் தள்ளி, கோட்டில் ஒரு சின்ன வளைவு. வேறு திசையிலிருந்து வருகிற அதிர்ச்சிக்கு அது கிடையாது. அட்டவணையில் அந்த இடம் காலி. அவனுக்கு இடைவந்தான் என்று பெயர் வைத்தேன். ஒன்பது வருடத்தில் முப்பத்துநான்கு முறை வந்தான். யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ரேடியோ மெக்கானிக் இக்பால் பாயிடம் மட்டும் ஒருமுறை காட்டினேன். சிம்மக்கல்லிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறவர், என்னை விட ஐந்து வயது இளையவர்.

"அண்ணே, கூப்பிடாம வர்றவன்னா அது ஒண்ணு நம்ம வீட்டு மாப்ளையா இருக்கணும், இல்ல பேயா இருக்கணும். நோட்டை மூடி வைங்க" என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தணிகாசலம் சார் அதிகாரியாக வந்தார். வட ஆற்காட்டுக்காரர். ஒல்லியான மனிதர். யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார், எதன்மேலும் சாய மாட்டார். தாளைத் தொடும் முன் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். சட்டைப்பையிலிருந்து பிளேடை எடுத்துப் பென்சில் சீவ ஆரம்பிப்பார். பென்சில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கோபம். அவர்தான் பூமியின் ஆழத்தைக் கம்ப்யூட்டரில் கட்டப் போவதாகச் சொன்னவர். சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. நம் அளவுகளைத் துளை போட்ட அட்டைகளாக்கிக் கொடுத்தால், எந்த அலை எந்த ஆழத்தில் வேகமாகப் போனது, எங்கே தயங்கியது என்று அது கணக்குப் போட்டுப் படமாகக் கொடுக்கும். என் நோட்டை அவரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் என்னை உட்காரச் சொன்னார். அந்த ஆபீசில் எனக்கு நாற்காலி போட்ட முதல் ஆள் அவர்.

"இது கருவியோட கோளாறா இருக்கலாம், மலைக்குள்ள எதிரொலியா இருக்கலாம். ரெண்டும் இல்லன்னா, வீரணன், இது பெரிய விஷயம். நான் உள்ள வந்து கருவியைப் பாக்கணும்" என்றார்.

கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் குகைக்குள் வந்தார். மூன்று கதவும் தாண்டி, கருவியின் மேல்மூடியைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். டார்ச் வெளிச்சத்தில் எடைக்குண்டு தெரிந்தது. அதன் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம்.

கிணறு வெட்டுகிற எங்களுக்கு ஆயுத பூஜை அன்று பொட்டு வைக்காத கருவியைத் தொட மனசு வராது. கடப்பாரை, சம்மட்டி, தண்ணீர் இறைக்கிற கமலை எல்லாவற்றுக்கும் வைப்போம். அதே மாதிரி வருடா வருடம் மூடியைத் தூக்கி அந்தக் குண்டுக்கும் வைத்தேன். பழைய பொட்டை அழிப்பது ஆகாது. அதனால் பொட்டின் மேல் பொட்டாக ஒன்பது வருடச் சந்தனம் விரல் கனத்துக்கு ஏறியிருந்தது.

தணிகாசலம் சார் குனிந்து டார்ச்சை அதன் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இது எந்த வருஷம் வச்சது?"

"வருஷா வருஷம் வைக்கிறது சார்."

"ஒன்பது வருஷமுமா?"

"ஒரு வருஷம்கூட விட்டதில்ல சார்" என்றேன், பெருமையாகவே.

அவர் வெளியே வந்து பென்சிலை எடுத்தார். பாதிப் பென்சில் போயிற்று.

அந்தக் கருவி எவ்வளவு நுட்பமானதென்றால், ஒரு அரிசி எடை கூடினாலும் புள்ளி இடம் மாறும். ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜை முடிந்து நாலைந்து நாளைக்குக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டே போகும். முன்பிருந்த அதிகாரிகள் அதை மழைத்தண்ணீர் மலைக்குள் இறங்குவதால் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். மலை மூச்சு இழுக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஈரச் சந்தனம் காயக் காயக் குண்டின் எடை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். சந்தனத்தைச் சுரண்டி, ஒரு காகிதத்தில் மடித்து, சிம்மக்கல்லில் நகை செய்கிற ஒரு பத்தர் தராசில் நிறுத்துக்கொண்டு வந்தார் சார். அந்த எடைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தார். கோடு ஏறுவதற்கு விளக்கம் கிடைத்தது. இடைவந்தானுக்குக் கிடைக்கவில்லை.

"அப்ப அவன் நெசம்தான சார்" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா இதை அனுப்புனா நான் கையெழுத்துப் போடணும். கருவி சுத்தமா இருந்துச்சான்னு ஒருத்தன் கேட்டா நான் என்ன சொல்றது? சந்தனம் இருந்துச்சுன்னு சொன்னா, இந்த முப்பத்துநாலு மட்டுமில்ல, இந்த நிலையத்தோட ஒன்பது வருஷத்தையும் குப்பையில போட்ருவாங்க."

அதற்கு ஒரே வழிதான் இருந்தது. கருவியைத் துடைத்துச் சுத்தமாக்கி, மூன்றாவது கதவைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார். அரக்கில் பதித்தது அவர் மோதிரம். இனி அதே தீவுகளிலிருந்து ஒரு பெரிய அதிர்ச்சி வர வேண்டும். அதில் இடைவந்தான் வந்தால் ஒன்பது வருடம் பிழைக்கும். வராவிட்டால் எல்லா அளவும் ரத்து; நானும் பழையபடி வாசல் காவலுக்குப் போக வேண்டும்.

காத்திருந்தோம். ஐப்பசியில் ஒன்று வந்தது, அளவு போதவில்லை. கார்த்திகையில் நல்ல பெரியது வந்தது, ஆனால் அன்றைக்கு வங்கக் கடலில் புயல். தாள் முழுக்கக் கடலின் நடுக்கம், அதற்குள் எதைத் தேடுவது? தை போயிற்று, மாசி போயிற்று. தினமும் எட்டரைக்குத் தாளைக் கழுவித் தூக்கிப் பார்ப்பேன். நேர்க்கோடு. உலகத்தில் எங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் எனக்கு வயிறு எரியும். வேறு ஏதாவது தேசத்தில் வந்தால், இவன் எதற்கு வந்தான் என்று கோபம் வரும். நான் எப்படிப்பட்ட ஆளாக மாறிக்கொண்டிருந்தேன் என்று அப்போது தெரியவில்லை.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்க் கருப்பசாமியிடம் போனேன். கிணற்றில் இறங்கும் முன் கும்பிடுகிற சாமி. கிடாய் வெட்டுவதாக நேர்ந்துகொண்டேன். என் மனைவி பேச்சியம்மாள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். என் வாய் முணுமுணுத்தது அவளுக்குக் கேட்டிருக்கிறது. பஸ் ஸ்டாப் வரை வந்த பிறகு கேட்டாள்.

"என்னன்னு வேண்டிக்கிட்டீக?"

"பப்புவா பக்கத்துல ஒரு ஆட்டு ஆட்டிவிடச் சொன்னேன்."

"அங்கன புள்ளகுட்டிக இருக்காதா?"

"கடலும் காடுந்தேன்."

"நீங்க போயிப் பாத்தீகளா?" என்றாள். பஸ் வந்ததும் என்னை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

மூன்று நாள் கழித்து, திங்கட்கிழமை, பகல் பதினொன்றரை. பதிவு அறையில் விளக்குப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தணிகாசலம் சார் கடிகாரக் குறியைச் சரிபார்க்க உள்ளே வந்திருந்தார். கதவுகள் சாத்தியிருந்தன. மூச்சு விட்டுக்கொண்டிருந்த புள்ளி சட்டென்று எகிறியது. திரும்பவும் எகிறியது.

"முந்தி வந்துட்டான்" என்றேன்.

நான் கடிகாரத்தின் டக் டக்கை எண்ண ஆரம்பித்தேன். அந்தத் தீவுகள் என்றால் முந்திக்கும் குலுக்கிக்கும் நடுவே ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். எட்டில் வந்தாலும் அந்தத் தீவுகள் இல்லை, பத்தரையில் வந்தாலும் இல்லை.

அந்த ஒன்பது நிமிடத்தை நான் வாழ்க்கையில் மறக்க மாட்டேன். கிணற்றுக்குள் மண் சரிந்து இடுப்பளவு புதைந்து கிடந்திருக்கிறேன், அப்போதுகூட இப்படி இல்லை. வெறுங்காலில் பாறை சில்லென்றும் இல்லை, சூடாகவும் இல்லை. காலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் அந்தப் பாறை வழியாகத்தான் அது வந்துகொண்டிருக்கிறது. முந்தி இங்கே வந்து சேரவே பதினோரு நிமிடம் ஆகும். அப்படியானால் நான் பார்த்துக்கொண்டிருந்தது நடந்து முடிந்த ஒன்றை. விழ வேண்டியது விழுந்து, அலற வேண்டியவர்கள் அலறி முடித்திருப்பார்கள். அதன் வால்தான் இப்போது மதுரைக்கு வருகிறது. பக்கத்தில் நின்ற சாருடைய மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை, அவரும் அடக்கிக்கொண்டார். பூட்டிய மூன்றாவது கதவுக்குப் பின்னால், ஆள் நுழையாமல் ஐந்து மாதமாகக் கிடக்கிற இருட்டில், அந்தக் குண்டு இப்போது ஆடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு வந்தது. ஓடிப்போன காவல்காரன் சொன்னதும் நினைவுக்கு வந்தது. சிரிப்பு வரவில்லை.

ஒன்பது நிமிடம் இருபது வினாடி. புள்ளி கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடிக்கு வீசியது. குலுக்கி.

பிறகு நான் எண்ணியது வாய்விட்டு. இருபது. இருபத்தைந்து. முப்பது. முப்பத்தொன்று என்று சொல்லும்போது, வீச்சு அடங்கிவந்த புள்ளி, யாரோ தோளைத் தொட்டால் திரும்புகிற மாதிரி, ஒரு பக்கம் லேசாகத் திரும்பி மீண்டது. அரை நிமிடம் கழித்து அடிதொட்டான் வந்து சேர்ந்தான்.

சார் என் கையைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் விரல்கள் ஈரமாக இருந்தன, துடைக்க மறந்துவிட்டார்.

தாளைக் கழுவி ஈரத்தோடு மேசையில் விரித்தோம். அவரே பூதக்கண்ணாடி வைத்து அளந்தார். மூன்று முறை அளந்தார். முத்திரையைப் போய்ப் பார்த்தார், உடையவில்லை. திரும்பி வந்து, "இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை இக்பால் பாய் நேர ஒலிக்காகச் சிற்றலை ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருந்தவர், என்னைக் கூப்பிட்டார். ஏதோ வெளிநாட்டு ஸ்டேஷன். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும்.

"நம்ம ஆளு ஆடுன ஆட்டம்தாண்ணே சொல்றான். கரையோரமா ஒரு ஊரு, மலை சரிஞ்சு கடலுக்குள்ள எறங்கிருச்சாம். எத்தனை பேருன்னு தெரியலையாம்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, நமக்கு வேணும்னுதான இருந்தோம்" என்று சொல்லி ரேடியோவை அணைத்தார்.

வீட்டில் நான் சொல்லவில்லை. பேச்சியம்மாளும் கேட்கவில்லை. நேர்ந்த கிடாயை வெட்டவேண்டிய நாளில் அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கிடாயை நான் மட்டும் கொண்டுபோய் வெட்டினேன். நேர்ந்தால் செய்யத்தானே வேண்டும்?

இனி கம்ப்யூட்டர். அட்டைகள் சென்னைக்குப் போயின. மூன்று மாதம் கழித்துச் சார் ஒரு கட்டு நீளத்தாளோடு வந்தார். பூமியின் உள்ளே இரும்புக் கோளம் வரைக்கும் எல்லாம் ஒரே சீராக இருந்தால் மதுரையில் கோடு எப்படி விழும் என்று கம்ப்யூட்டரை வரையச் சொல்லியிருக்கிறார். வரைந்திருந்தது. முந்தி, குலுக்கி, அடிதொட்டான், எல்லாம் அச்சுப்போல. நடுவில் ஒன்றுமில்லை. சார் இன்னொரு பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். மலையின் எதிரொலியாகத்தான் இருக்க வேண்டும் என்றார்.

அப்போது நான் சொன்னதை இங்கே எழுத்தில் வைக்கிறேன். கிணற்றின் அடிப்பாறையில் கடப்பாரையை ஓங்கிப் போட்டுவிட்டு, அதன் தலையில் காதை வைத்துக் கேட்போம். சத்தம் ஒன்றாக வந்தால் கீழே ஒரே பாறை. லேசாக இரண்டாகப் பிரிந்து வந்தால், கீழே வேறு ஜாதிப் பாறை ஒன்று ஆரம்பிக்கிறது; முதல் சத்தம் அதன் மேல்மட்டத்தில் பட்டுத் திரும்பியது.

"மலை எதிரொலின்னா எல்லாத் திசைக்கும் வரணும்ல சார். இது கிழக்கத்தி ஆளுக்கு மட்டுந்தான வருது? அடிதொட்டான் கீழ போயி முட்டுறதுக்கு முன்னாடி, போற வழியில ஒரு அடுக்கு இருக்கு. இவன் அதுல பட்டுத் திரும்புறான்."

சார் சீவுவதை நிறுத்தினார். அப்படி ஒரு எண்ணம் வெளிநாட்டில் ஒன்றிரண்டு பேருக்கு இருக்கிறது என்று பிற்பாடு சொன்னார். அது எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது கிணறு.

மறுபடி சென்னைக்குப் போனார். இரும்புக் கோளத்துக்கு மேலே, வேறு வேறு உயரத்தில் ஒரு அடுக்கை வைத்து, கம்ப்யூட்டரைத் திரும்பத் திரும்ப வரையச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தவர் ஆபீஸ் ஜன்னல் கண்ணாடியில் என்னுடைய பங்குனித் தாளை ஒட்டினார். அதன்மேல் கம்ப்யூட்டர் வரைந்த தாளை ஒட்டினார். வெயில் இரண்டுக்கும் பின்னாலிருந்து அடித்தது. இரண்டு கோடுகள் இருந்தன, ஆனால் ஒன்றுதான் தெரிந்தது. குலுக்கிக்குப் பின் முப்பத்தொரு வினாடியில் இரண்டும் சேர்ந்து வளைந்தன.

அந்த மிஷின் எங்கள் பாறையைப் பார்த்ததில்லை. ஐந்து மாதம் பூட்டிக் கிடந்த அறைக்குள் அது வந்ததில்லை. ஆனாலும் அவன் திரும்பிய அதே திருப்பத்தைப் போட்டிருக்கிறது. போர்னியோவுக்கு அடியில், யாரும் போகாத, போக முடியாத ஆழத்தில், ஒரு தளம். அங்கே முட்டித்தான் முப்பத்தைந்து முறை என்னிடம் வந்திருக்கிறான்.

சார் அதைக் கட்டுரையாக எழுதினார். வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. கடைசியில் ஒரு வரி, நிலையப் பணியாளர்களுக்கு நன்றி என்று. இக்பால் பாய்தான் படித்துச் சொன்னார். நான் நேராகச் சாரிடம் போய், என் பெயர் ஏன் இல்லை என்று கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"உங்க பேரைப் போட்டா உங்க நோட்டைச் சொல்லணும். நோட்டைச் சொன்னா சந்தனத்தைச் சொல்லணும். சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான் வீரணன். அந்தத் தளம் காகிதத்துல நிக்கணும்னா நீங்க அதுல இருக்கக்கூடாது" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பென்சிலையும் எடுக்கவில்லை. அடுத்த வருடம் மாற்றலாகிப் போனார். இப்போது உயிரோடு இல்லை. நல்ல மனிதர். ஆனால் செய்தது தப்பு.

இப்போது உலகம் பூராவும் பல இடங்களில் அந்த அடுக்கைக் கண்டுவிட்டார்கள் என்று மலருக்கு எழுதக் கேட்டு வந்த பிள்ளைகளே சொன்னார்கள். இனி அது விழாது. என் பெயரைத் தாங்கும். நிலையத்தின் முன்கூடத்தில் அந்த அடுக்கைக் காட்டுகிற வண்ணப்படம் ஒன்று மாட்டியிருக்கிறீர்கள். அதன் கீழே சாருடைய பெயரும் கம்ப்யூட்டர் பெயரும் இருக்கின்றன. அதே பலகையில், அதே அளவு எழுத்தில், தமிழில் இப்படி எழுத வேண்டும்: இந்த அலையை முதலில் கண்டு ஒன்பது வருடம் அளந்தவர், அடுக்கு இருப்பதாகச் சொன்னவர், குகை வெட்டிய ஒ. வீரணன். சந்தனத்தையும் எழுதுங்கள். நான் வைத்ததுதான், மறைக்க ஒன்றுமில்லை.

இன்னொன்றும் வேண்டும். அந்தப் பங்குனித் தாள்தான் எங்களைக் காப்பாற்றியது. அதை அனுப்பிய ஊர் கடலுக்குள் போய்விட்டது. அதன் பெயரை ரேடியோ சொன்னபோது இக்பால் பாய்க்குப் பிடிபடவில்லை, எனக்கு எழுதிக் கேட்க இங்கிலீஷ் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். அந்தத் தேசத்துக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். பெயர் கிடைத்ததும் பலகையில் என் பெயருக்கு மேலே அதை எழுதிவிட்டு, எனக்குச் சொல்லியனுப்புங்கள். நான் பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கிறேன்.